கேப்ஸ்யூலின் தோல்

ஆகஸ்ட் 3, 1996. சனி

புழுக்கம். மழை மிரட்டிவிட்டுக் களம்பூர்ப் பக்கம் போய்விட்டது. அங்கே மில் களத்தில் நெல் காயப்போட்டவர்கள் திட்டியிருப்பார்கள். இங்கே வரவேண்டிய மழை.

காலையில் டாக்டரிடம். கூட்டம். பக்கத்து பெஞ்சில் ஒருத்தி: "எங்க வூட்டுக்காரருக்குப் பிரஷர் ஏறுனா எனக்குத்தான் அடி வுழும்." எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

எனக்கு 170/100. ஐந்து மி.கி. போதவில்லையாம். பத்து ஆக்கிவிட்டார். காலை, மதியம், இரவு, மூன்று வேளையும் பழையபடி.

"ஒழுங்கா போடறீங்களாம்மா?"

"போடறேன்."

பொய் இல்லை, போடுகிறேன்தான். எப்படிப் போடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார், இல்லையென்றால் சுதாவுக்குச் சொல்வார். என் மகளோடு ஒரே பெஞ்சில் படித்த பையன். புனாவுக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது, அடுத்த ரயிலில் வந்து என்னை மூட்டை கட்டிவிடுவாள்.

வாங்க வேண்டியது: துவரம் பருப்பு, ஊதுவத்தி, குக்கர் ரப்பர், பெரிய கேப்ஸ்யூல்.

எல்லாம் வாங்கினேன், குக்கர் ரப்பர் தவிர.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வெயில். கோயிலில் ஜெயமாலா கேட்டாள், "அக்கா, இன்னும் அந்த கேப்ஸ்யூல்தானா?" இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நானும் நிம்மதியாக விழுங்கிக்கொண்டிருப்பேன். வேலூரில் மருந்துக் கடையில் இருக்கும் அவள் நாத்தனார் பையன் சொன்னானாம், கேப்ஸ்யூலின் மேல் தோல் மாட்டெலும்பை வேகவைத்து எடுக்கிற பசை என்று. முட்டைகூட நுழையாத வீடு. மாட்டெலும்பை மூன்று வேளை விழுங்குவதா?

ஆகவே கத்தரிக்கோல். நுனியை வெட்டி, ஸ்பூனில் பிதுக்கி, அந்த மஞ்சள் மருந்தை மட்டும் நாக்கில் விட்டுக்கொண்டு, தோலைக் குப்பையில் போடுகிறேன். பழத்தைத் தின்னத் தோலையும் தின்ன வேண்டுமா என்ன. மருந்து மருந்துதானே.

இரவு வேளையும் எனக்குக் கிடையாது. சமணக் குடும்பம், பொழுது சாய்ந்துவிட்டால் வாயில் எதுவும் போகாது, பிறந்ததிலிருந்து அப்படி. அதனால் மூன்றாவதையும் விளக்கேற்றுவதற்கு முன்பே போட்டுவிடுகிறேன்.

சுதா போன். "எப்படிம்மா இருக்க?" "நல்லா இருக்கேன்." பேரன் லைனில் வந்து இந்தியில் ஏதோ சொன்னான், நான் தமிழில் ஏதோ சொன்னேன், இரண்டு பேரும் சந்தோஷமாக வைத்துவிட்டோம்.

எனக்குப் பி.பி. இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் புனா. என் வீட்டுக்காரர் காலமான வருஷம் அங்கே ஒரு மாதம் இருந்து பார்த்தாயிற்று. ஆளுக்கொரு ஆபீஸ். எனக்கு பாஷை தெரியாது, யாராவது மணி அடித்தால் திறந்துவிடுவேன் என்று வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். நல்லதுக்குத்தான் செய்தார்கள். ஜன்னலோரம் நின்று எதிர் வீட்டுத் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே இனி போகமாட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பத்து மி.கி. பொல்லாதது. மருந்து நாக்கில் பட்ட கொஞ்ச நேரத்தில் முகம் அடுப்படியில் நிற்பதுபோல் எரிகிறது. நெஞ்சு தடதட. எழுந்தால் சுவர் நகர்கிறது. அரை மணி, ஒரு மணி கழித்துச் சரியாகிவிடுகிறது. ஐந்தில் இவ்வளவு இல்லை.

கோயில் பெண்கள் நம் சமணக் குன்று திருமலைக்கு வேன் பிடிக்கிறார்கள். கூப்பிட்டார்கள். அத்தனை படி ஏறி நடுவில் தலை சுற்றினால்? முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். "உங்களுக்கு முழங்காலா? போன வருஷம் எங்களுக்கு முன்னாடி ஏறினீங்களே" என்றாள் ஜெயமாலா. போன வருஷம் போன வருஷம்.

வேனில் எனக்கு வைத்திருந்த இடம் இனி யாருக்கோ.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வெள்ளி. விடியும் முன்பே அம்மன் கோயில் ஒலிபெருக்கி. தறிக்காரர்கள் தெரு பூரா லீவு. பின்கட்டில் சத்தமில்லை.

பின்கட்டில் குடியிருக்கும் சரோஜா கூழ் கொண்டுவந்தாள். புருஷன் வேலு தறியில் உட்கார, இவள் அந்தத் தறிக்கு நூல் தார் சுற்றுகிறவள். அவர்கள் தறிக்கும் என் கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். பகலெல்லாம் அந்தச் சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை. அவளோடு மட்டும் பேச்சில்லை. தை மாதம் கருவாடு வறுத்த வாசனை வந்தபோது நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அதன்பிறகு அவள் என் சமையலறை வாசற்படியை மிதித்ததில்லை. கேட்டதற்கு மட்டும் பதில்.

இன்று அதே வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு: "கருவாடு இல்ல, வெங்காயம்கூட கலக்கல. வெறும் கூழுங்க."

வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூடியே திறக்காத தூக்கோடு அவள் திரும்பிப் போனதைப் பார்த்தேன். எனக்குக் கூழ் பிடிக்கும்.

ஆகஸ்ட் 14, புதன்

நேற்று எழுத முடியவில்லை. விழுந்துவிட்டேன்.

மாலை மருந்து விட்டுக்கொண்டு விளக்குத் திரி எடுக்க மணையிலிருந்து சட்டென்று எழுந்தேன். கண் இருட்டியது. அடுத்து நான் தரையில். இடது இடுப்பு, முழங்கை. எலும்பு உடையவில்லை, ஆனால் எழ முடியவில்லை. கூப்பிட்டேன், குரல் எனக்கே கேட்கவில்லை. கைக்கு எட்டிய டம்ளரால் சுவரைத் தட்டினேன். அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. வேலுவுக்கு முகூர்த்த ஆர்டர். ஒரு கையளவு சுவருக்கு அப்பால் இரண்டு பேர், இந்தப் பக்கம் நான். இப்படியே போய்விடுவேன், சுதா ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், மணி அடித்துக்கொண்டே இருக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

கரண்ட் போயிற்று. தறி ரூமில் இருட்டு, தறி நின்றது. மறுபடி தட்டினேன்.

"ஏய், யாரோ செவுத்த தட்றாங்க" வேலுவின் குரல்.

பின்வாசல் வழியாக சரோஜா ஓடிவந்தாள். சமையலறை வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"அம்மா! இன்னாம்மா இது, இப்டி வுழுந்து கெடக்கறீங்க? உள்ள வரலாங்களா?"

தரையில் கிடப்பவளிடம் அனுமதி கேட்கிறாள்.

"வா சரோஜா" என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை மாதம்.

தூக்கி உட்காரவைத்தாள். தலையைக் குனிந்துகொள்ளச் சொன்னாள். தண்ணீர் எடுத்து நீட்டினாள். பொழுது சாய்ந்துவிட்டது, வேண்டாம் என்றேன். "சாமியே வந்தாலும் உங்களுக்குப் பொழுதுதாம்மா முக்கியம்" என்று முணுமுணுத்தாள். ஆனால் டம்ளரை வைத்துவிட்டு, கரண்ட் வரும்வரை விசிறினாள்.

போகும்போது குப்பைக் கூடையைப் பார்த்து: "இது இன்னாங்க, மஞ்சமஞ்சளா தோலு தோலா?"

சொன்னேன். முதல் முதலாக ஒருத்தியிடம்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சரிதான்" என்றாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

தூறல். முனிசிபாலிடி பள்ளிக்கூடத்தில் கொடி. பிள்ளைகள் மிட்டாய்த் தாளைத் தெருவில் பறக்கவிட்டுப் போனார்கள்.

மருந்தை நிறுத்திவிட்டேன். முந்தாநாள் விழுந்ததோடு சரி. வியாதியைவிட வைத்தியம் பெரிசாக இருக்கிறது. இன்று முகம் எரியவில்லை, சுவர் நகரவில்லை, நன்றாகச் சாப்பிட்டேன். இதற்காகவா இத்தனை நாள் கத்தரிக்கோலும் கையுமாக.

இடுப்பு நீலம் பாய்ந்திருக்கிறது. ஒத்தடம் கொடுத்தேன். முதுகுப் பக்கம் எட்டவில்லை. அவர் இருந்தால் கொடுத்திருப்பார். திட்டிக்கொண்டேதான் கொடுத்திருப்பார், ஆனால் கொடுத்திருப்பார்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. தெருவெல்லாம் அவசரம். நிச்சயம் பண்ணியவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் சேலை கேட்கிறார்கள். விடிந்ததிலிருந்து பின்கட்டில் தறி.

சரோஜா, கிணற்றடியில்: "டாக்டர்கிட்ட போனீங்களா?"

"உடம்பு நல்லா இருக்கு. மருந்தை வுட்டுட்டேன்."

"நீங்களேவா?"

"நானேதான். என் உடம்பு."

அவள் ஒன்றும் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவள் பேசாமல் போனால் எனக்குக் கோபம் வருகிறது. பேசினாலும் வருகிறது.

மாலை சும்மா உட்கார்ந்திருந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது இந்த நேரம் மூச்சுவிட நேரமிருக்காது. காஞ்சிபுரம் கேட்கிறவன், பெங்களூர் கேட்கிறவன், சேலத்தில் ஜரிகைக்காரனைப் பிடித்துக் கொடு என்கிறவன். லைன்ல இருங்க, லைன்ல இருங்க என்று எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். ஆட்டோமேட்டிக் வந்தது, எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது என் வீட்டு போனில் தூசி.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று எழுத்து கோணல்.

காலையில் பிடரியில் வலி. இரும்புக் குண்டை வைத்து அழுத்துவதுபோல். கண்ணில் பூச்சி பறந்தது. காபி குமட்டியது. பெருமையைப் பார்த்தால் முடியாது என்று நானே சுவரைத் தட்டினேன். தறி நின்றது.

சரோஜா தார் சுற்றுகிறதைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆட்டோ. "ஜல்தியா போப்பா, ஆனா பள்ளத்துல வுடாத" என்று டிரைவரை வழியெல்லாம் படுத்தி எடுத்தாள்.

190/116. டாக்டர் முகம் மாறிவிட்டது. படுக்கவைத்தார். ஏதோ கொடுத்தார், மறுபடி மறுபடி பார்த்தார். கொஞ்சம் இறங்கியதும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"பத்து மில்லிகிராமும் கேக்கலேன்னா, டோஸை ஏத்தி இன்னொரு மருந்தும் சேக்கணும்மா."

பயந்துபோனேன். பத்துக்கே தரையில் கிடந்தேன். இவர் ஏற்றினால் தரையோடு போய்விடுவேன். சரோஜா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றாள். "நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். எலும்புப் பசை, கத்தரிக்கோல், பொழுது, விழுந்தது, நிறுத்தியது. எல்லாம்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தோலோட முழுங்கினா வயித்துக்குள்ள போய்க் கரைஞ்சு ஓரளவு நிதானமா ஏறும். நீங்க வெட்டி நாக்குல விட்டா குபீர்னு ஏறி, பிரஷரைத் தடால்னு கீழ தள்ளிடும். அதான் முகம் எரிஞ்சது, அதான் விழுந்தீங்க. மூணு வேளையையும் பகல்லயே முடிச்சுட்டா விடியறவரைக்கும் உடம்புல மருந்தே இருக்காது. காலைல நான் பாக்கறப்போ ஏறியிருக்கும். அதைப் பாத்து நான் டோஸை ஏத்தினேன். நீங்க திடீர்னு நிறுத்தினதும் ஒரேயடியா ஏறிடுச்சு."

பழைய சீட்டைக் கிழித்துப் போட்டார். பிறகு, "எப்படி சாப்பிடறீங்கன்னு நான் கேட்டிருக்கணும். உங்க வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாததா? சுதா பள்ளிக்கூடத்துல அஞ்சு மணிக்கே டிபன் டப்பாவைத் திறப்பா."

இப்போது வேறு மருந்து. அம்லோடிபின். கேப்ஸ்யூல் இல்லை, வெறும் மாத்திரை, தோல் கிடையாது. ஒரு நாளைக்கு ஒன்று, காலையில். அதே குடும்பத்து மருந்துதானாம், ஆனால் மெதுவாக ஏறி நாள் முழுக்க நிற்குமாம். இத்தனை நாள் நான் பட்டதெல்லாம் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும்.

சொன்னது (மறக்காமல் எழுதிக்கொள்கிறேன்):
தினம் ஒரே நேரம்.
ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.
நன்றாக இருக்கிறது என்று நானாக நிறுத்தக் கூடாது. நன்றாக இருப்பதே மருந்தால்தான்.
படுக்கையிலிருந்து உடனே எழக் கூடாது. உட்கார்ந்து, அப்புறம் நின்று, அப்புறம் நட.
கணுக்கால் வீங்கலாம். வீங்கினால் வந்து காட்ட வேண்டும்.
நெஞ்சு வலி, மயக்கம் என்றால் அந்த நிமிஷமே வர வேண்டும்.
வேறு யார் என்ன மருந்து கொடுத்தாலும் இதைச் சொல்ல வேண்டும்.

கடைசியில்: "சுதாவுக்கு நான் போன் பண்ணட்டுமா?"

"வேணாம்பா."

"அப்போ நீங்க சொல்லணும். அதுக்கு என்னால சீட்டு எழுதித் தர முடியாது."

ஆகஸ்ட் 21, புதன்

மழை, கடைசியில் நமக்கே. காலை மாத்திரை. வெள்ளையாக, இத்தனூண்டு. இதுவா அந்த வேலையைச் செய்யும்?

விழுங்கி டம்ளரை வைக்கிறேன், சுவரில் டக் டக். சரோஜா.

"அம்மா, போட்டாச்சா?"

"போட்டாச்சு."

தறி ஓட ஆரம்பித்தது. முகம் எரியவில்லை.

குக்கர் ரப்பர் மறுபடி மறந்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தினம் காலை டக் டக். போட்டாச்சா, போட்டாச்சு. அவ்வளவுதான் பேச்சு. சில நாள் அதோடு, "மொச்சக் கொட்டை வேணுமா?" அல்லது "இன்னிக்கு தண்ணி வராதாம்." முந்தாநாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். தறி நின்று, பின்வாசல் திறந்து, சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டாள். கேட்காமல். "இன்னாம்மா வெளையாட்டு இது, உயிரே பூடுச்சி" என்று சத்தம் போட்டாள். திட்டு வாங்கி நாளாயிற்று. இனிமேல் அப்படிச் செய்யமாட்டேன்.

கணுக்கால் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி. பழைய புத்தி, நிறுத்திவிடலாமா என்று ஒரு நிமிஷம். நிறுத்தாமல் போய்க் காட்டினேன். இந்த மாத்திரைக்கு இது வருவதுதானாம், உட்காரும்போது காலைத் தூக்கி வை, கூடினால் வா என்றார். 148/90. "சுதாகிட்ட சொன்னீங்களா?" "சொல்றேன்."

செப்டம்பர் 1, ஞாயிறு

சுதா போன். சொல்லத்தான் நினைத்தேன். "அம்மா" என்று அவள் ஆரம்பித்த குரலே களைப்பாக இருந்தது. ஆபீஸில் ஏதோ. அவளே எல்லாம் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன்.

"நீ எப்படிம்மா?"

"நல்லா இருக்கேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பூட்டுச் சத்தம் காதில் கேட்டது. கோழை.

செப்டம்பர் 4, புதன்

சரோஜா, வேலு காஞ்சிபுரத்தில் கல்யாணத்துக்குக் காலை பஸ்ஸில். தங்கச்சி பெண்ணுக்கு. அங்கேயே தங்கி மறுவீடு பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். என் கேட்டருகே நின்று மூன்று தரம் சொன்னாள்: "மாத்திர மறந்துடாதீங்க. எழுந்திரிச்சா மொள்ள எழுந்திரிங்க. போயிட்டு வரங்க."

வேலு: "பஸ்ஸு பூடும், வா."

கிளம்பிவிட்டார்கள்.

தறி இல்லாத வீடு. கடிகாரச் சத்தம் இவ்வளவு பெரிதா? கொடியில் அவள் மறந்துவிட்ட ஜாக்கெட். மழை வரும் போல இருந்தது, எடுத்து மடித்து வைத்தேன். மாலை பொழுதோடு சாப்பிட்டுவிட்டு, விளக்கேற்றி, ஒன்றும் செய்யாமல் இருந்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை இன்று, பால்காரனிடம் "நாளைக்கு அரை லிட்டர் போதும்" தவிர.

செப்டம்பர் 5, வியாழன்

மூடிக்கொண்டிருக்கிறது, தூறவில்லை. மெதுவாக எழுந்தேன். உட்கார்ந்து, நின்று, நடந்து. மாத்திரை போட்டேன், தண்ணீர் குடித்தேன்.

டக் டக் இல்லை.

"போட்டாச்சு" என்றேன் சுவரைப் பார்த்து. பழக்கம். சொல்லிவிட்டு பதிலுக்கு நின்றேன் வேறு. பைத்தியக்காரி. ஆனால் உட்கார முடியவில்லை. யாராவது ஒருத்தர் கேட்டிருக்க வேண்டும் அதை. இல்லாவிட்டால் போட்ட மாதிரியே இல்லை.

போனைத் துடைத்தேன். புனா நம்பர். பகல் கட்டணம், போகட்டும். ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்த விரல்தான் போட்டது.

"அம்மா? என்னம்மா, இந்த நேரத்துல? ஆபீஸ் கிளம்பிட்டிருக்கேன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. மாத்திரை போட்டாச்சுன்னு சொல்லத்தான்."

அந்தப் பக்கம் பையைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு மெதுவாக: "என்ன மாத்திரைம்மா?"

"லைன்ல இரு, சொல்றேன்" என்றேன்.